அறுந்த வால்

வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் 'அறுந்த வாலு'. அதனால் அன்று காலை அண்ணி, "இனிமே வால் இல்லாத எதுவும் உள்ள வரக்கூடாது" என்றதும், என்னைத்தான் சீண்டுகிறார் என்று நினைத்தேன்.

இல்லை, அவர் சொன்னது கோப்புப் பெயரின் வாலை. மென்பொருள் எழுதும் எங்கள் மாடியறை அலுவலகத்தில் நாங்கள் இருவர்தான். ஒரு நிரல் கோப்புக்குள் இன்னொன்றை இழுத்துக்கொள்ள, அதாவது இம்போர்ட் செய்ய, 'நேரம்' என்று மட்டும் எழுதிவிடுவோம். மீதியைக் கருவி ஊகித்துக்கொள்ளும். இனி 'நேரம்.js' என்று முழுசாக எழுத வேண்டுமாம். எழுதாத வரி சிவப்பாகிவிடும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு மணிக்குப் பேருந்து நிலைய மேலாளர் வருகிறார். அவருக்காக நாங்கள் செய்யும் நேரத் திரையிலோ எல்லாப் பேருந்துக்கும் ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டுகிறது. மூன்று நாளாகத் திருத்துகிறேன், ஒரு நிமிடம்கூட அசையவில்லை. இன்றும் தப்பென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"தலைக்கு மேல வேலை கிடக்கு, இப்போ போய் இது தேவையா அண்ணி?"

"மூணு நாளா என்னத்தடி கிழிச்ச? பேரையாவது ஒழுங்கா எழுது."

கருவியில் அந்த விதியைப் போட்டார். நூற்றுப் பன்னிரண்டு வரிகள் சிவந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் .js ஒட்டினேன். 'நேரம்' வந்தது. அதற்கும் ஒட்டிச் சேமித்தேன்.

பக்கத்துத் திரையில் அத்தனை பேருந்தும் சரியான நேரத்துக்குக் குதித்தன!

"அண்ணீ! நான் கணக்கைத் தொடவே இல்ல! வால்தான் ஒட்டினேன்!" நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

இருவரும் கோப்புறைக்குள் தலையை விட்டோம். நேரம்.js-க்குப் பக்கத்திலேயே நேரம்.mjs என்று ஒரு பழைய கோப்பு, தப்புக் கணக்கோடு. வால் இல்லாத பெயரைப் பார்த்த கருவி, இத்தனை நாளும் அந்தப் பழசையே எடுத்திருக்கிறது. நான் மாய்ந்து மாய்ந்து திருத்தியதை யாருமே படிக்கவில்லை. என் கணக்கு சரி! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"எந்தப் புண்ணியவான் இத இங்க விட்டுட்டுப் போனது? கைல மட்டும் கெடைக்கட்டும்!" என்றார் அண்ணி.

யார் எழுதியது என்று தட்டிப் பார்த்தேன். அண்ணியின் பெயர்.

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார். "எதுக்கும் இருக்கட்டும்னு வச்சேன்டி. மறந்தே போச்சு."

நான் வாயைத் திறக்கும் முன் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மேலாளர் கால் மணி முன்னதாகவே வந்துவிட்டார். அண்ணி என் நாற்காலியை நிமிர்த்திவிட்டுக் காதருகே குனிந்தார்.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாத. அறுந்த வாலுங்கற பேர இன்னைலேர்ந்து நானே வச்சுக்கறேன்."