முதுசொம் என்று எழுதிக் கொடுத்தேன்

முதுசொம் என்றால் என்னவென்று பெரியகல்லாற்றில் முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். என் கூடப்பிறந்தவருக்குப் படிப்பிக்கத்தான் தவறிவிட்டேன் போலிருக்கிறது.

மாசி மாதம் என் அண்ணன் நல்லரத்தினம் வந்தார். கோயில் மண்டபத்தில் பழைய சாமான்களைக் காட்சிக்கு வைக்கப் போகிறார்களாம். என் பித்தளை வட்டாவும், அந்தச் சொல்லைப் பற்றி நாலு வரியும் வேண்டுமாம். வெற்றிலை வைத்து ஊரை அழைக்கிற அந்தத் தட்டம், தாயிடமிருந்து மகளுக்கென்று நாலு தலைமுறையாக வந்தது. ஆவணியில் கலியாணமாகும் என் மகள் அஜந்தாவுக்குப் போகவேண்டியது.

பெண்வழிச் சொத்தைத் தாய்மாமன் பொறுப்பில் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தேன். ஒரு தாளில் ஆசை ஆசையாய் எழுதினேன். 'முது' என்றால் பழமை, 'சொம்' என்றால் சொத்து. பேச்சில் முதுசம் என்பார்கள். நாமே தேடிய பொருளுக்கு அந்தப் பெயர் இல்லை. முன்னோரிடமிருந்து வந்து, அழியாமல் மிஞ்சி நிற்பதுதான் முதுசொம். வைத்திருப்பவர் அதற்குக் காவல், விற்க உரிமையில்லை என்று முடித்தேன்.

வைகாசியில் சம்பந்தி வீட்டாரோடு கலியாண மண்டபம் பார்க்கக் கல்குடாவில் ஒரு ஹோட்டலுக்குப் போனோம். வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் வட்டா. பக்கத்தில் என் கையெழுத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கடைசி வரியை மட்டும் காணவில்லை. நல்ல பழைய சாமான் என்றார் சம்பந்தியம்மா. ஓம் என்று சொல்லி வைத்தேன்.

மனேஜர் மரியாதையான ஆள். விற்றவர் பெயரைக் கேட்டேன், நல்லரத்தினம் என்றார். அந்தத் தாளைப் பார்த்துத்தான் உண்மையான பழசு என்று நம்பி வாங்கினார்களாம்.

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். மறுப்பார் என்று நினைத்தேன். அவரோ சிரித்தார்.

"உன்ட எழுத்துக்குத்தான் தங்கச்சி அவங்க மயங்கினது. கலியாணத்துக்கு ஒரு நாளைக்கு இரவல் கேட்டு வாங்கித் தாறன்."

வட்டா போனதைவிட, என் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டு போனாரே என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அஜந்தாவுக்குத் தாய்மாமன் முறை செய்ய, எங்கள் தாய்வழிக் குடியில் மூத்தவரான அழகரத்தினத்தைக் கேட்டுக்கொண்டேன். அண்ணனுக்கு என்ன, சுகமில்லையா என்று விசாரித்தார்.

"எனக்கு அண்ணன் இல்ல" என்றேன்.

அண்ணன் மூன்று வீடு தள்ளித்தான் இருக்கிறார்.