பால்ராஜ் குடும்பத்தார் அன்பளிப்பு

பட்டறவாக்கம் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஞானசேகரன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஸ்க்ரூடிரைவர் பத்திரமாக இருந்தது. வெள்ளைச் சட்டையில் கறை படாதிருக்க அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்பத்தூர் எஸ்டேட் முழுக்க ஷட்டர்கள் இறங்கிக் கிடந்தன. எண்ணெய் வாடையும் வெயிலும் மட்டும்தான் வேலைக்கு வந்திருந்தன. ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையவில்லை. ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காமல், தெரு நடுவே அணிவகுப்பில் போகிறவரைப் போல நடந்தார்.

விஷயம் இதுதான். நாசரேத்திலிருக்கும் மைத்துனன் மோகன் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு போஸ்டரைப் போட்டிருந்தான். கறுப்புப் பின்னணியில் ரத்தச் சிவப்பாக 'பால்ராஜ்' என்று ஒரு பெயர். அதற்கு மேல் ஒரு பித்தளைத் தகட்டின் படம். 'கர்த்தருக்கு மகிமை. திரு. ஏ. பால்ராஜ் குடும்பத்தார் அன்பளிப்பு. 1984.' கீழே, ஞாயிறு மாலை, அம்பத்தூர், அனைவரும் வரலாம். கூடவே மோகனின் குரலும் வந்திருந்தது. "என்ன அத்தான், பெரியவர் பேர்ல கச்சேரி நடக்காமே? சொந்தக்காரங்களுக்கு முன்வரிசை உண்டா?" அதன் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அடுத்த வாரம் அப்பாவின் நினைவு நாள். அத்தனை முகங்களும் ரயிலேறி ஆவடிக்கு வரும், சாப்பாட்டுப் பந்தியில் எதிரே உட்காரும்.

அந்தத் தகட்டை நாலு திருகாணி போட்டு முடுக்கியதே ஞானசேகரன்தான். அப்பா அதே தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றபோது, கிடைத்த பணத்தை வீட்டுக்குக் காட்டாமல், கப்பலில் வேலை பார்த்த ஒருவர் மூலமாக ஜப்பானிலிருந்து சிந்தசைசர் என்ற மின்சார இசைக்கருவி ஒன்றை வரவழைத்துச் சபைக்குக் கொடுத்தார். அதன் நெற்றியில்தான் அந்தத் தகடு. சபையில் எல்லாரும் அதை ஆர்கன் என்றார்கள். வந்த புதிதில், திருவிருந்து ஆராதனையின் நடுவே, பாடகர் குழுப் பையன் ஒருவன் ஆசைப்பட்டு ஏதோ ஒரு குமிழைத் திருகிவிட்டான். பூனையை ரயில் இழுத்துக்கொண்டு போவது போல ஒரு சத்தம் வந்தது. அப்பா அன்று சாயங்காலமே ஆசாரியை வரவழைத்து, விரல் வைக்கும் கட்டைகளை மட்டும் விட்டுவிட்டு, மேலே இருந்த குமிழ்களையும் விசைகளையும் ஒட்டுமொத்தமாகப் பலகை வைத்து மூடிவிட்டார். அதன் பிறகு அதில் ஒரே ஒரு சத்தம்தான். கல்யாணத்துக்கும் அதே சத்தம், சாவுக்கும் அதே சத்தம். அதைக் கேட்டே ஞானசேகரனுக்குத் தலை நரைத்தது.

போன வருஷம் சபையில் புதுக் கீபோர்டு வாங்கினார்கள். பழையதை அறுப்பின் பண்டிகை ஏலத்தில், வாழைத்தாருக்கும் நாட்டுக்கோழிக்கும் நடுவே வைத்து விட்டுவிட்டார்கள். ஞானசேகரன் அன்றைக்குப் போகவில்லை. மேடையில் உட்காரச் சொல்லி முறையாகக் கடிதம் வரவில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். ஆகவே சபையில் போய்க் கேட்கவும் வழியில்லை. கேட்டால், "நீங்க வரலையே" என்பார்கள்.

"கடுதாசி வந்திருந்தா போய் ஏலத்துல எடுத்திருப்பீங்க" என்றாள் மனைவி ராஜகுமாரி, காலையில் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

"கண்டிப்பா எடுத்திருப்பேன்."

"எடுத்து எங்க வைப்பீங்க? என் தலை மேலயா? போங்க. போய் தகட்டக் கழட்டிட்டு வாங்க. அந்தப் பிள்ளைங்ககிட்ட மட்டும் கத்தாதீங்க."

ஒரு ஷட்டர் மட்டும் பாதி தூக்கியிருந்தது. ஞானசேகரனுக்குக் குனிந்து நுழையப் பிடிக்கவில்லை. இரும்பில் இரண்டு தட்டுத் தட்டினார். ஷட்டர் மேலேறியது. கையில் டிரம் குச்சிகளோடு ஒரு இளைஞன் நின்றான்.

"இன்னா சார், ஷோ நாலு மணிக்குத்தான். சீக்கிரமே வந்துட்டீங்க?"

"நான் ஷோவுக்கு வரல. பால்ராஜோட மகன்."

இளைஞனுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு முகம் விரிந்தது. உள்ளே திரும்பிக் கத்தினான். "ஷர்மி! ஐயாவோட புள்ள வந்துகீறாரு!"

அது லேத் பட்டறை. மெஷின்களைத் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். பட்டறை தன் சித்தப்பாவுடையது என்றும், தன் பெயர் தினேஷ் என்றும் இளைஞன் சொன்னான். நடுவில் டிரம்ஸும் இரண்டு கிடார்களும் இருந்தன. அவற்றுக்குப் பின்னால், ஒரு மர மேசை மேல், அது இருந்தது. ஞானசேகரன் நின்றுவிட்டார்.

அப்பா வைத்து மூடிய பலகை இல்லை. அது இருந்த இடத்தில் வரிசை வரிசையாகக் குமிழ்கள், மேலும் கீழும் நகரும் விசைகள், மினுங்கும் சின்னச் சிவப்பு விளக்குகள். டாங்கி எஞ்சின்களைச் சோதிக்கும் கூடத்தில் இப்படிப்பட்ட முகப்புகளுக்கு முன்னால்தான் அவர் வாழ்நாளே கழிந்தது. ஒவ்வொரு விசைக்கும் ஒரு வேலை உண்டு, காரணமில்லாமல் எதையும் யாரும் வைப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஞாயிறு தவறாமல் கோயில் பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரை, திடீரென்று ஒரு நாள் கடலில் நீந்தப் பார்த்தது போல இருந்தது. நெற்றியில் அதே தகடு. துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள்.

ஷர்மிளாவுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். பக்கத்திலேயே ஐ.டி. கம்பெனியில் வேலை, வீடு திருநின்றவூர். ஏலத்தில் எடுத்தவள் அவள்தான். ஞானசேகரன் உட்காராமலே சொன்னார்.

"இது சபைக்குக் கொடுத்த பொருள். சபை வித்துட்டுது, நீங்க வாங்கிட்டீங்க, அதுல எனக்குப் பேச்சில்ல. ஆனா பேரு விலைக்கு வரல. எங்க அப்பா பேரை வீதியில ஒட்டி ஆட்டம் போடறதுக்கு யாரும் உங்களுக்கு உரிமை தரல. தகட்டக் கழட்டிட்டுப் போறேன். இனிமே அந்தப் பேர்ல எதுவும் நடக்கக் கூடாது."

கத்தவில்லை. ஆனால் பட்டறையில் சின்னச் சத்தங்கள் எல்லாம் நின்றுவிட்டன.

"வேற பேரு வைக்கத் தோணல அங்கிள்" என்றாள் ஷர்மிளா. "வாங்கும்போதே அவர் பேரோடதான் வந்தாரு. நாங்க 'பால்ராஜ் ஐயா'ன்னுதான் கூப்பிடறோம்."

"மிஷினையா?"

"ஆமா சார்" என்றான் தினேஷ். "அவருக்கு வெயில் ஒத்துக்காது, கோவம் வேற ஜாஸ்தி. மரியாத இல்லாம பேசினா அன்னிக்கு ஷோ காலி."

யாரோ சிரித்தார்கள். ஞானசேகரன் சிரிக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கைக்குட்டையைப் பிரித்தார்.

ஷர்மிளா இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே வந்தாள். "தகடு உங்களது அங்கிள், எடுத்துக்கங்க. ஆனா இப்ப வேணாம், ப்ளீஸ். காலையிலேர்ந்து ஆன்லயே வெச்சிருக்கோம். சூடேறி ஒரு நிலைக்கு வந்தாத்தான் சுதி நிக்கும். இப்ப அழுத்தித் திருகினா உள்ள ஏதாவது அசையும், மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அவர் நம்ம சுதிக்கு வர மாட்டாரு. நாங்கதான் அவர் நிக்கிற எடத்துக்குப் போய் கிடாரெல்லாம் சேத்துக்கணும். ஷோ முடிஞ்சதும் நானே கூப்பிடறேன்."

நியாயமான தொழில் பேச்சு. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் கை வைப்பவனை அவரே எத்தனை முறை திட்டியிருக்கிறார்! சுவரோரம் கிடந்த ஸ்டூலில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார்.

கூட்டம் வரத் தொடங்கியது. கல்லூரிப் பிள்ளைகள், பூந்தமல்லியிலிருந்து பைக்கில் வந்தவர்கள், அலுவலக அடையாள அட்டையைக் கழற்ற மறந்தவர்கள். தரையில், இரும்புத் தகட்டுக் கட்டுகள் மேல், இடம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவர் வாயிலும் சாராய நாற்றம் இல்லை என்பதை ஞானசேகரன் கவனித்தார். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. சத்தம் போட ஒரு காரணம் குறைந்துபோனது.

ஷர்மிளா ஒரே ஒரு கட்டையில் ஒரு விரலை வைத்தாள்.

முதலில் எதுவும் கேட்கவில்லை. செருப்புக்கு அடியில் தரை லேசாக நடுங்கியது. பிறகு ஸ்டூல் கால்கள், பிறகு தொடை எலும்பு. காது கடைசியில்தான் அதை அறிந்தது. விரல் அசையாமல் அங்கேயே இருக்க, இன்னொரு கையால் ஒரு விசையை மெல்ல, மிக மெல்ல மேலே நகர்த்தினாள். மூடியிருந்த ஒலி திறக்க ஆரம்பித்தது. அடுத்த அறையில் யாரோ கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வருவது போல, ஒரே சுரம், அதே சுரம், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நடந்து வந்தது. கூரைத் தகரம் அதனோடு சேர்ந்து முனகியது. தார்ப்பாய்க்குள்ளிருந்து லேத் மெஷின் ஒன்று பதில் சொன்னது. ஞானசேகரன் தன்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தார். சபையில் இத்தனை காலம் கேட்ட அந்த ஒரே சத்தம் இதற்குள்தான் எங்கோ ஒரு மூலையில் இருந்திருக்கிறது. வீட்டில் ஒரே அறையில் குடியிருந்துவிட்டு, அது இத்தனை பெரிய மாளிகை என்று யாருக்கும் தெரியாமலே போயிருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்துதான் பலகை போட்டாரா? அவருக்குப் பயமாக இருந்தது. கோயிலில் அவருக்கு வர வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப்பட்டு, ஒருநாளும் வராத பயம் அது.

கிடார்கள் சேர்ந்தன, டிரம் சேர்ந்தது. கூட்டம் எழுந்து நின்றது. பின்னாலிருந்து ஒருவன் இரண்டு கைகளையும் உயர்த்திக் கத்தினான். "பால்ராஜ்! பால்ராஜ்!"

ஞானசேகரனின் கழுத்து விடைத்தது. "ஏய்! ஐயான்னு சொல்லுடா!"

ஃபோர்மேன் குரல். இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அவன் திகைத்துத் திரும்பினான். தினேஷ் டிரம்முக்குப் பின்னாலிருந்து, "சொல்லு மாமே, அவரு புள்ள கீறாரு!" என்று கூவினான். சிரிப்பு அலையாகப் பரவியது. அதன் பின் மொத்தப் பட்டறையும் தாளத்தோடு ஆரம்பித்தது. "பால்ராஜ் ஐயா! பால்ராஜ் ஐயா!" கிண்டலா மரியாதையா என்று அவரால் பிரித்தெடுக்க முடியவில்லை. தொழிற்சாலையில் அப்பாவின் பிரிவுபசார விழாவில்கூட இத்தனை பேர் அவர் பெயரைச் சொன்னதில்லை.

அப்போது கரண்ட் போனது.

கிடார்கள் செத்தன. சிவப்பு விளக்குகள் ஒன்றாக அணைந்தன. கூரையில் பதித்த கண்ணாடித் தகடு வழியாகச் சாய்ந்த வெயில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. புழுக்கத்தில் எல்லாருக்கும் வியர்வை வழிந்தது. ஒருவரும் வெளியே போகவில்லை.

"ஐயா படுத்துட்டாரு" என்றான் தினேஷ்.

"எந்திரிக்கட்டும் மச்சான், இருக்கோம்" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான். ஒரு நோயாளியின் அறையில் உட்காருவது போல அத்தனை பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள்.

ஷர்மிளா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். "அங்கிள், இப்ப எடுத்துக்கலாம். ஆஃப்ல இருக்காரு, ஒண்ணும் ஆகாது. கரண்ட் வந்தாலும் மறுபடி மொதல்லேர்ந்துதான்." முகத்தில் கெஞ்சல் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள், அவ்வளவுதான். அதற்கு மேல் ஏதாவது பேசியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வழி விட்டார்கள். ஞானசேகரன் போய்ச் சிந்தசைசரின் முன்னால் நின்றார். மரத்தில் கை வைத்தார். காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த வேலையை முடிக்காமல் திரும்புகிற பழக்கம் அவருக்கு இல்லை. கீழ்த் திருகாணிகள் இரண்டும் எளிதாகக் கழன்றன. மேலே வலப்பக்கம் கொஞ்சம் முரண்டு பிடித்துக் கழன்றது. மூன்றையும் இடது உள்ளங்கையில் மூடிக்கொண்டார். நாலாவது அசையவில்லை. இளமை வேகத்தில் அன்று அவர் முடுக்கிய முடுக்கு. தகடு அந்த ஒற்றைத் திருகாணியில் சாய்ந்து, அப்பாவின் பெயர் தலைகீழாக இறங்குவது போலத் தொங்கியது. ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பள்ளத்தில் வைத்து முழு பலத்தையும் கொடுத்தார்.

கரண்ட் வந்தது.

விசில்கள் பறந்தன. அவர் கைக்குக் கீழே சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக விழித்தன. ஷர்மிளா ஓடி வந்து, மறு பக்கத்திலிருந்து கட்டையில் விரலை வைத்தாள். ஒரு சுரம், தன் இடம் எது என்று தெரியாமல், எங்கோ கீழேயிருந்து வழுக்கி வழுக்கி மேலேறியது. கிடார்க்காரர்கள் காதைச் சாய்த்து, முறுக்காணிகளைத் திருகித் திருகி அதன் பின்னாலேயே போனார்கள். நடுவே 'ஜர்ர்ர்' என்று ஓர் அதிர்வு குறுக்கிட்டது. ஒற்றைத் திருகாணியில் தொங்கிய தகடு மரத்தில் பட்டுப் படபடத்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அங்கிள், அத புடிங்க!" என்றாள் ஷர்மிளா, கையை எடுக்காமலே. "அப்டியே அழுத்திப் புடிங்க!"

ஞானசேகரன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டார். சாய்ந்த பெயரை நேராக நிமிர்த்தி, கட்டை விரலால் மரத்தோடு சேர்த்து அழுத்தினார். இரைச்சல் நின்றது. நின்றதும், அது விட்ட இடத்திலிருந்து அந்தச் சுரம் அவர் விரலுக்குள் ஏறியது. முழங்கை, தோள், தாடை, கட்டிய பற்கள். இடது கை மூடியபடி இருக்க, மூன்று திருகாணிகளும் உள்ளே நடுங்கின. விரலை எடுத்தால் தகடு அலறும். ஷர்மிளா அடுத்த விசையை மேலே நகர்த்த ஆரம்பித்தாள். எத்தனையோ கண்கள் பார்த்திருக்க, அவர் முதுகை நிமிர்த்தி, கொடிக்கம்பத்தின் கீழ் நிற்பவரைப் போல அசையாமல் நின்றார். சுரம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.