இரண்டு முனையிலும் குங்குமம்

ஊர்காவற்றுறை இறங்குதுறையில், தேத்தண்ணிக் கடைப் பிளக்கில் நடராசாவின் ஒட்சிசன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கில் குழாயோடு பிளாஸ்டிக் கதிரையில் இருந்த மனிதர் போகிற வருகிற எல்லாரையும் விசாரித்தார். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அனலைதீவில் தன் வீட்டுக் கட்டிலில் போய்க் கிடந்தால் போதும் அவருக்கு. ஆனால் கடலிலும் மெஷின் ஓட வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அதற்காகத்தான் நடராசாவின் தங்கச்சி நாகபூசணியின் புருசன் சுதாகரன் தன் வள்ளத்தில் இன்வேர்ட்டர் சார்ஜர் பெட்டி ஒன்று பூட்டுவித்தான். இது விளங்கக் கஷ்டமில்லை, பிள்ளைகள். கரையில் நிற்கும்போது கடைக் கரண்டை வாங்கிப் பற்றரியை நிரப்பும். கரை வயரைக் கழற்றினால் அதே பற்றரியிலிருந்து எடுத்து வீட்டுக் கரண்ட் மாதிரித் தரும்.

வயரிங் வேலை செய்தவர் சவிரிமுத்து. லொறியில் கழற்றிய பழைய பற்றரி, அடையாளமெல்லாம் தேய்ந்து போனது. முதல்நாளே மீற்றர் பிடித்துப் பார்த்து, பிளஸ் முனைக்குச் சிவப்புப் பெயின்ற் தொட்டு வைத்திருந்தார்.

"வயரெல்லாம் ஓடியாச்சு. பற்றரியில மட்டும் தொடாதையும்," என்றார் சுதாகரனிடம். "பியூஸ் சின்னனாப் போச்சு. மாத்திக்கொண்டு வாறன்."

அவர் போய் வெகுநேரமாகியும் வரவில்லை. மத்தியானம் தாண்டினால் சோளகக் காற்று ஏறும். பிறகு மூச்சு முட்டுகிற மனிதரை வள்ளத்தில் ஏற்ற ஏலாது. சுதாகரன் தண்ணீரைப் பார்த்தான், நட்டு முறுக்குகிற சாவியை எடுத்தான்.

"பியூஸை அங்க போய்ப் போடுவம். இப்ப நேர கட்டிவிடுறன்."

பற்றரி பலகைக்குக் கீழே கிடந்தது. முன்பக்க முனைதான் கண்ணுக்குத் தெரிந்தது, அதில் சிவப்பு. சிவப்புக் கேபிளை அதற்குக் கொண்டுபோனான்.

நாகபூசணி அதைக் கண்டாள். காலையில் அவன் டீசல் எடுக்கப் போயிருந்த நேரம், புதுச் சாமான் பூட்டுகிற நாளென்று பெட்டிக்குச் சந்தனம் வைத்து, தேசிக்காய் வெட்டி, பற்றரிக்கும் பொட்டு வைத்தவள் அவள். பெட்டியில் சந்தனத்தைக் கண்டதற்கே, "கரண்டுக்கும் கலியாணமோ?" என்று நக்கலடித்தவன் அவன். இதைச் சொன்னால் வருசம் முழுக்கச் சொல்லிக் காட்டுவான். சொல்லாவிட்டால் அண்ணை வீடு போக மாட்டார்.

"இஞ்சருங்கோ, பொறுங்கோ. அது பெயின்ற் இல்லை."

"பின்னை?"

"குங்குமம். ரெண்டு முனையிலயும் வைச்சனான்."

சுதாகரன் கேபிளை விட்டான். உடுத்திருந்த சாரத்தின் நுனியால் முன்முனையைத் துடைத்தான். வெறும் ஈயம். பின்முனையைத் துடைத்தான். குங்குமம் போனது, சிவப்பு போகவில்லை. சாவியைக் கீழே வைத்தான்.

சவிரிமுத்து பியூஸோடு வந்தார். துடைத்த முனைகளைப் பார்த்தார்.

"தொடாதையும் எண்டனான் எல்லே?"

"தொடேல்லை அண்ணை."

"கொஞ்சம் தொட்டவர்," என்றார் நடராசா கதிரையிலிருந்து.

"மாறிக் கட்டியிருந்தா, அண்ணை?" என்று சவிரிமுத்துவிடம் கேட்டாள் நாகபூசணி.

"பெட்டி புகைஞ்சிருக்கும். இன்னொண்டு வருமட்டும் உம்மட அண்ணை இந்தத் தேத்தண்ணிக் கடையிலதான்."

மீற்றரை இன்னொருமுறை பிடித்துப் பார்த்து, பியூஸ் போட்டுக் கட்டினார். கடையிலிருந்து நீள வயர் இழுத்துப் பெட்டிக்குக் கொடுத்தார். நடராசாவையும் மெஷினையும் வள்ளத்தில் ஏற்றி, மெஷினைப் பெட்டியில் கொளுவினார்கள். பிறகு கரை வயரைப் பிடுங்கினார்.

பெட்டிக்குள் ஒரு சொடுக்குச் சத்தம். எல்லாரும் மெஷினையே பார்த்தார்கள். அது பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி, எனக்கும் ஒரு பொட்டு வை," என்றார் நடராசா. "நான் பிளஸோ மைனஸோ எண்டு டொக்டருக்கே தெரியேல்லை."

"மிச்சம் வைச்சிருக்கிறியோ?" என்றான் சுதாகரன். அவளும் சிரித்துவிட்டாள்.

எஞ்சின் பிடித்ததும் மெஷினின் சத்தம் கேட்காமல் போய்விட்டது. நாகபூசணி அதன்மேல் உள்ளங்கையை வைத்து, அதிர்வதைப் பார்த்தபடியே வந்தாள். அலைத் தூவானம் முகத்தில் அடித்தபோதும் எடுக்கவில்லை. அனலைதீவுத் துறையில் எஞ்சினை நிறுத்தியபோது அந்த இரைச்சல் திரும்பக் காதில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் கையை எடுத்தாள்.