கையில் கொடுத்த டம்ளர்

மாசி பிறந்தால் கந்தப்பனுக்குத் தலைவலியும் கூடவே பிறந்துவிடும். சாதாரணத் தலைவலி என்றால் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்துவிடலாம். இது படுக்கவிடாத வலி. வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிப்பது மாதிரி தொடங்கும். கண் சிவந்து நீர் கொட்டும், அந்தப் பக்கத்து மூக்கும் ஒழுகும். மனுசன் உட்காரவும் மாட்டார், நிற்கவும் மாட்டார். தோப்புக்குள் போய்த் தென்னை மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பதும் நடப்பதுமாக ஒன்றரை மணி நேரம் போகும். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல வந்து சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பார். தினமும் பகல் மூன்றேகாலுக்கு வரும்; ஐந்து நிமிடம் முன்னேபின்னே இருக்கலாம், அவ்வளவுதான். ஆறேழு வாரம் ஆட்டிவைத்துவிட்டுப் போனால் அடுத்த மாசி வரைக்கும் எட்டிப் பார்க்காது. கிணத்துக்கடவு வழியாகப் போகிற எந்த பஸ்ஸும் இவ்வளவு சரியான நேரத்துக்கு வந்ததில்லை என்பாள் அவர் மனைவி துளசிமணி.

செய்யாத வைத்தியம் இல்லை. பல்லில்தான் கோளாறு என்று ஒருவர் இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார். இரண்டும் நல்ல பற்கள். சைனஸ் என்று ஒருவர் மூக்கைக் குடைந்தார். கண்ணாடி மாற்றியாயிற்று, மந்திரித்தும் ஆயிற்று. எட்டு வருடத்துக்கு முன்னால் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் வலி வந்துவிட்டது. ஒரு கடையில் போய், "நெம்ப ஜில்லுனு எது இருக்குதோ அதக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். காலேஜ் பிள்ளைகள் பரீட்சைக்குக் கண்விழிக்கக் குடிக்கிற எனர்ஜி டிரிங்க் டின் ஒன்றைக் கடைக்காரர் எடுத்து நீட்டினார். ஒரே மூச்சில் குடித்தார். கால்மணி நேரத்தில் ஆணியைப் பிடுங்கியது போல வலி இறங்கிவிட்டது. அந்தக் காலி டின்னைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து துளசிமணியிடம் காட்டிச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

அதன் பிறகுதான் வலிக்குப் பெயரும் தெரிந்தது. கோயமுத்தூரில் ஒரு நரம்பு டாக்டர் கிளஸ்டர் தலைவலி என்று எழுதிக் கொடுத்தார். ஆக்சிஜன்தான் இதற்குச் சரியான மருந்து, டின் சிலருக்குக் கேட்கும், பலருக்குக் கேட்காது, ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் போகக்கூடாது, வலி தலைகாட்டியதும் குடித்தால்தான் உண்டு என்று சொன்னார். மாசி வந்தால் படுக்கையறையில் ஒரு சிலிண்டரும் பிரிட்ஜில் டின்களும் இருப்பது அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது.

இந்த மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் ரித்திகாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் துளசிமணி செய்த முதல் காரியம், சிலிண்டரைத் துணி சுற்றிக் கோயமுத்தூர் கணபதியிலிருக்கும் கந்தப்பனின் லேத் பட்டறைக்கு அனுப்பியதுதான்.

"எதுக்கு அம்மணி?" என்றார் கந்தப்பன்.

"நோயாளி ஊடுன்னு நெனைப்பாங்க. போன வருசம் ஏற்கெனவே பட்டாச்சு."

பட்டதுதான். நன்றாகப் பேசி முடிந்த இடம் ஒன்று, பெண்ணின் அப்பனுக்கு வலிப்பாம் என்று யாரோ கிளப்பிவிட்டதில் சத்தமில்லாமல் கைநழுவியது. ரித்திகா அப்பாவின் காதில் விழாதபடி, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இந்தப் பையன் மிதுனோடு அவள் போனில் நான்கு தடவை பேசியிருந்தாள். பேசிவிட்டு வரும்போதெல்லாம் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பெற்றவள் கவனிக்காமல் இருப்பாளா? இது தவறிப்போகக் கூடாது. பதினொரு மணிக்கு வந்தால் ஒரு மணிக்குள் கிளம்பிவிடுவார்கள், மூன்றேகாலுக்கு அவர் என்ன பாடு பட்டாலும் பார்க்க ஆளிருக்காது என்று கணக்குப் போட்டாள்.

அவிநாசியிலிருந்து கிளம்பியவர்கள் வந்து சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால். சித்தப்பா வராமல் கிளம்பக்கூடாது என்று காத்திருந்தார்களாம். நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் பேசி முடித்துவிடலாம் என்றார்கள். மிதுன், அவனுடைய அம்மா கீதா, அப்பா, சித்தப்பா, சித்தி என ஐந்து பேர். துளசிமணி மாடியில் ரித்திகாவுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். கீழே சமையலறையைக் கவனித்தது கந்தப்பனின் அக்கா நஞ்சம்மாள்.

துளசிமணி இறங்கி வந்தபோது பாத்திரம் கழுவும் இடத்தில் நான்கு டின்கள் வரிசையாக நின்றன. எடுத்துக் குலுக்கினாள். நான்கும் காலி.

"நங்கையா! இதை எதுக்கு எடுத்தீங்க?"

"ஊட்டுக்கு வந்த ஒறம்பரைக்குக் கலர் ஊத்தாம அனுப்புவாங்களா? காத்தால புழிஞ்சு வெச்ச சாத்துக்குடி கசந்துபோச்சு. இது மருந்து வாசந்தான் அடிக்குது, ஆனா நல்லா ஜில்லுனு இருக்குது. எல்லாத்துக்கும் ஊத்திக் குடுத்துப்போட்டேன்" என்றாள் நஞ்சம்மாள், காரியத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையில்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ஜில்லென்று பாட்டிலிலோ டின்னிலோ எது வந்தாலும் இந்தப் பக்கத்தில் அது கலர். வந்தவர்களுக்குக் கலர் கொடுக்காவிட்டால் அது மரியாதைக் குறைவு. அது மருந்து என்று சொல்லி வைக்காதது யார் தப்பு? அக்காவிடம்கூட மூடி மறைத்தது துளசிமணிதானே.

கூடத்தில் கந்தப்பன் விருந்தாளிகளின் கையிலிருந்த டம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் நிறத்தில் நுரை. அவருக்குப் புரிந்துவிட்டது. மணி மூன்று பன்னிரண்டு. வலது இமை தாழ்ந்தது. "சித்த இருங்க, மோட்டார நிறுத்திப்போட்டு வாரேன்" என்று எழுந்து போனார்.

"மோட்டார் சத்தமே கேக்கலீங்களே" என்றாள் கீதா.

சமையலறை ஜன்னலில் துளசிமணிக்குத் தெரிந்தது: தோப்பு ஓரத்துத் தொட்டியில் மனுசன் தலையை முக்கி எடுத்துக்கொண்டிருந்தார்.

இதே போல ஒரு மாசி மாதம், இதே போல ஒரு தொட்டி. முப்பது வருடத்துக்கு முன்னால், நெகமத்தில், துளசிமணியைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை நடுப்பேச்சில் எழுந்து வெளியே போய்விட்டார். பெண் பிடிக்கவில்லை போல என்று மாமன் முகத்தைச் சுளித்தார். துளசிமணிக்கு அவமானமாக இருந்தது. கொல்லைப் பக்கம் போனவள், அந்த மாப்பிள்ளை தொட்டித் தண்ணீரில் தலையை விட்டுக்கொண்டு நடுங்குவதைப் பார்த்தாள். பால் முழுவதும் விருந்தாளிகளுக்குப் போயிருந்தது. கடுங்காப்பி போட்டுக் கொண்டுபோய்த் தொட்டி விளிம்பில் வைத்தாள். மடமடவென்று குடித்தார். "இன்னொரு டம்ளர் கெடைக்குமுங்களா?" என்றார். அதுதான் அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு. இரண்டாவது டம்ளரையும் குடித்துவிட்டு, ஒரு கண் மட்டும் செக்கச்செவேலென்று நிமிர்ந்து சொன்னார்: "இது வருசா வருசம் வருமுங்க. உங்கப்பாகிட்டச் சொல்லிப்போடுங்க. மறைச்சுக் கட்டிக்கறது பாவம்."

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் வீடே வேண்டாமென்றபோதும் அவள் இவரைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். அன்றைக்கு இருந்த துணிச்சலை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தித்திப்பாக இருக்கும். அந்த நாளில் எதையும் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது அந்த வலி கடுங்காப்பிக்கெல்லாம் மசிவதில்லை. அவர் சொல்லச் சொன்னதை இன்று துணி சுற்றிப் பட்டறைக்கு அனுப்பியவள் இவள். துளசிமணிக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

கூடத்துக்கு வந்தாள். மற்ற நான்கு பேரும் அண்ணாந்து ஊற்றிக் குடித்து முடித்திருந்தார்கள். மிதுனின் டம்ளர் மட்டும் நிறைய இருந்தது. விருந்தாளி கையில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதை அவள் வாழ்நாளில் கேள்விப்பட்டதுகூட இல்லை.

"ஏனுங்க தம்பி, தப்பா நெனைக்காதீங்க. அந்த டம்ளர எனக்குத் திருப்பிக் குடுங்க."

நஞ்சம்மாள் கதவோரத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். கீதாவின் முகம் சிவந்தது. "கையில குடுத்ததத் திருப்பியா கேக்கறீங்க?"

"ஆமாங்க. அது கலரில்லீங்க, அவருக்கு மருந்து. அவரு மோட்டாரு நிறுத்தப் போகலீங்க. மாசி வந்தா ஒத்தக் கண்ணுல உசுரு போற வலி வருமுங்க. வலிப்பில்லீங்க, தலைவலி. உங்க காதுக்கு வரக்கூடாதுன்னு நாந்தான் மறைச்சேன். அவருக்கு மறைக்கத் தெரியாதுங்க." சொல்லி முடித்தாள். மாடிப்படியில் ரித்திகா நிற்பதைப் பார்க்கத் தைரியமில்லை.

மிதுன் டம்ளரோடு எழுந்தான். வந்ததிலிருந்து ஆன்ட்டி, ஆன்ட்டி என்று கூப்பிட்ட பையன். "ஒரு வாய் வெச்சுக் குடிச்சுட்டனுங்க. எச்சிலாப் போச்சே."

"பரவால்லீங்க, குடுங்க."

அவன் கொடுக்கவில்லை. "மாமா எங்கீங்க இருக்கறாரு? முன்னால நடங்க அத்தை" என்றான்.

அத்தை என்றதும் துளசிமணிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. நின்று அழ நேரமில்லை, ஓடினாள்.

கந்தப்பன் டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். முழு டின் இல்லாததால் அரைமணி நேரம் பிடித்தது. அதுவரைக்கும் அவர் நடக்க நடக்க மிதுனும் கூடவே நடந்தான். ஒருவழியாக வலி இறங்கி, தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, ஒரு கண் மட்டும் சிவந்து நிமிர்ந்தார்.

"இது வருசா வருசம் வருமுங்க தம்பி. உங்கம்மாகிட்டச் சொல்லிப்போடுங்க. மறைச்சு..."

"அத்தை எல்லாரு முன்னாலயும் சொல்லிப்போட்டாங்க மாமா."

பின்வாசலில் கீதா வந்து நின்றிருந்தாள். பக்கத்தில் ரித்திகா, பூ ஒருபக்கமாகச் சரிந்து. எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. கீதா கொஞ்ச நேரம் கந்தப்பனின் கண்ணையே பார்த்தாள்.

"ஏனுங்க, இந்த வலி எந்த மாசத்தோட போகுமுங்க?" என்றாள்.

"பங்குனி தாண்டாதுங்க" என்றாள் துளசிமணி.

"அப்ப வைகாசியில முகூர்த்தம் பாக்கலாங்க. பொண்ணோட அப்பா மணவறைக்குப் பக்கத்துல நிம்மதியா நிக்கோணுமில்லீங்க."

துளசிமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ரித்திகா ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கந்தப்பன் ஈரத்தலையோடு மனைவியைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளோடு பேசும்போது சேர்க்காத மரியாதையை அன்றைக்குச் சேர்த்துக் கேட்டார்:

"ஒரு டம்ளர் கடுங்காப்பி கெடைக்குமுங்களா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.