லிப்ஸ்டிக் வாங்க வந்த சம்பந்தம்

ஒருத்தி வாங்க வந்தவளா, ஏசி காற்று வாங்க வந்தவளா என்பதை அவள் கண்ணாடி முன்னால் நிற்கிற விதத்திலேயே சொல்லிவிடுவேன். வாங்க வந்தவள் தன் முகத்தைப் பார்ப்பாள். பொழுதுபோக்க வந்தவள் கண்ணாடியில் தெரிகிற மற்றவர்களைப் பார்ப்பாள். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஹபீப் ரகுமான் பாய் நடத்துகிற ஃபேன்சி ஸ்டோரில் காஸ்மெடிக்ஸ் கவுண்டர் என்னுடையது. கடை அவருடையது, கவுண்டர் என்னுடையது. அவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். காஜல் ஒன்றுக்காக வந்தவளைக் காஜல், லிப்ஸ்டிக், காம்பேக்ட், அதையெல்லாம் போட்டு வைக்க ஒரு பை என்று நான் அனுப்பி வைத்துவிடுவேன். இதில் ஏமாற்று ஒன்றும் கிடையாது. பொருந்தாத ஷேடை ஒருத்தி தலையில் கட்டினால் அடுத்த முறை அவள் எதிர்க் கடைக்குப் போவாள். பொருந்தியதைக் கொடுத்தால் தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு வருவாள். அவ்வளவுதான் விஷயம்.

அன்றைக்கு வந்த இரண்டு பேரும் கண்ணாடிப் பக்கமே திரும்பவில்லை. அவர்களைப் பற்றிச் சொல்வதற்கு முன், காலையில் வந்த போனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

கல்யாணத் தரகர் ஐயாதுரை பேசினார். "ஏம்மா செல்வி, ஸ்ரீவிக்காரவுகளுக்கு ஜாதகம் பொருந்திட்டு. பையனுக்கும் சம்மதம். ஒண்ணே ஒண்ணுதான். கல்யாணத்துக்குப் பொறவு கடைக்குப் போவக்கூடாதுங்காவ."

"ஏன், கடை அவியள என்ன பண்ணுச்சு?"

"கோவப்படாத தாயி. யோசிச்சுச் சொல்லு. சரின்னா ஞாயித்துக்கெழம பூவோட வாராவளாம்."

பையன் பெயர் சேதுபதி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், மில்லில் ஃபிட்டர். எங்கள் வீட்டில் சம்மதம் வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று தடவை போனில் பேசியிருக்கிறோம். நன்றாகச் சிரிக்கிறான். நான் பேசும்போது குறுக்கே விழாமல் கேட்கிறான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது, இதில் மறைக்க என்ன இருக்கிறது? கடை வேலையைப் பற்றிக் கேட்டபோது மட்டும், "எனக்கு ஒண்ணுமில்ல. அம்மாவும் அக்காவும் சொல்லணும்" என்றான். அந்த 'எனக்கு ஒண்ணுமில்ல'தான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

இதற்கு நடுவில் பாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் புதுக்கடை திறக்கப் போகிறார். "நீ வந்து கவுண்டரைப் பாத்துக்கிட்டா காஸ்மெடிக்ஸ் போடுதேன். இல்லேன்னா வளையல், பாசிமணியோட நிறுத்திக்கிடுதேன். சரக்குக்கு ஆர்டர் குடுக்கணும், இன்னைக்குள்ள சொல்லிரு" என்று காலையிலேயே சொல்லிவிட்டார். மாப்பிள்ளையும் ஸ்ரீவி, கடையும் ஸ்ரீவி, இப்படி யாருக்கு அமையும் என்று நான் துள்ளிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டாருக்கோ அதுதான் முள். ராஜபாளையத்தில் நின்றால் யாரோ பார்ப்பார்கள். ஸ்ரீவியில் நின்றால் சொந்தக்காரர்கள் எல்லாம் பார்ப்பார்கள்.

இதற்கு முன் இரண்டு இடம் வந்து தட்டிப்போனது. இரண்டுக்கும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: கடையில் நிற்கிற பெண். நான் என்ன, கடையில் நின்று சாராயமா விற்கிறேன்?

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், முறையில்லாமல் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். கோயிலில் பார்ப்பார்கள், பஸ் ஸ்டாண்டில் பார்ப்பார்கள், வேலைக்குப் போகிற பெண்ணென்றால் வேலையிடத்துக்கே வந்துவிடுவார்கள். வீடு வரைக்கும் வந்து வேண்டாம் என்றால் பெண் வீட்டுக்கு அவமானம். இப்படிச் சத்தமில்லாமல் வந்து போனால் யாருக்கும் நஷ்டமில்லை. நல்ல ஏற்பாடுதான், பெண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வரைக்கும்.

மத்தியான நேரம். கடையில் கூட்டமில்லை. பக்கத்து வளையல் கவுண்டரில் ஹஸீனா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்த இரண்டு பேரில் ஒருவருக்கு என் அம்மா வயது, வெயிலிலும் பட்டுச்சேலை. இன்னொருத்தி அவருடைய மகள் என்று பார்த்ததுமே தெரிந்தது. பொட்டு, புருவம், புடவை மடிப்பு எல்லாம் அத்தனை திருத்தம். முகம் மட்டும் கடுகடு என்று இருந்தது.

"வாங்கம்மா, வாங்கக்கா. எந்த ஊருலருந்து வாரீக?"

"சங்கரன்கோவில்" என்றார் அம்மா. அதைச் சொல்லும்போது மகளைப் பார்த்துக்கொண்டார்.

லிப்ஸ்டிக் வேண்டும் என்றார்கள். வரிசையாக எடுத்து வைத்தேன். அம்மா லிப்ஸ்டிக்கை விட்டுவிட்டு என் நெற்றியிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். பிறகு, "அந்தா மேல் தட்டுல இருக்கே, அதை எடும்மா" என்றார். அது ஆண்கள் தடவுகிற ஷேவிங் கிரீம். ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தேன். இறங்கும் வரை என் காலையே பார்த்தார். "இதுல பொடியா என்னமோ போட்டிருக்கே, வாசி" என்றார். வாசித்தேன். அடுத்து, "அந்தக் கோடி வரைக்கும் போயி அந்த டப்பாவைக் கொண்டா" என்றார். போய்க் கொண்டுவந்தேன். கால், கண், படிப்பு, நடை எல்லாம் ஆயிற்று, இனிப் பல்லைத்தான் எண்ண வேண்டும் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அம்மாவே வந்து மாட்டிக்கொண்டார். "சேத்தூருலருந்து தெனமும் பஸ்லயா வார? அலைச்சலா இல்லியா?"

என் ஊர் சேத்தூர் என்று நான் சொல்லவே இல்லை. மகள் அம்மாவின் முழங்கையை இடித்தாள். இடித்தும் பிரயோசனமில்லை, சொல் வெளியே வந்துவிட்டது.

இவர்கள் சேதுபதியின் அம்மாவும் அக்கா சிவரஞ்சனியும்தான். தெரியாத மாதிரி நடித்து, குனிந்த தலை நிமிராமல் நின்று, நல்ல பெயர் வாங்கி அனுப்பிவிடலாம். அப்படி அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை பூவோடு வருவார்கள், கடையை விடச் சொல்வார்கள், அதற்குள் எங்கள் வீட்டில் பந்தி வரைக்கும் பேசி முடித்திருப்பார்கள். என் இடத்தில், என் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பேசாததை, தலையில் பூ வைத்து உட்காரவைத்த பிறகு நான் எங்கே பேசப் போகிறேன்?

"அம்மா, லிப்ஸ்டிக் இருக்கட்டும். இதைப் பாருங்க. மேக்கப் ரிமூவர்" என்று ஒரு பாட்டிலை எடுத்தேன். பஞ்சில் நனைத்து என் முகத்தின் வலது பாதியை நெற்றி முதல் தாடை வரை அழுத்தித் துடைத்தேன். பவுண்டேஷன், காம்பேக்ட், ஐலைனர், புருவ மை எல்லாம் பஞ்சோடு வந்துவிட்டது. கன்னத்தில் பழைய பரு வடு இரண்டு உண்டு, அதுவும் வெளியே வந்தது. அந்தப் பக்கத்தை அவர்களிடம் திருப்பினேன். "நல்லாப் பாத்துக்கிடுங்க. நெறம் இதுதான். வடு இதுதான். வீட்டுக்கு வந்து பாத்தாலும் இதேதான் இருக்கும். ஸ்ரீவிக்கும் சங்கரன்கோவிலுக்கும் வேற வேற மொகம் வச்சுக்கிடல."

ஹஸீனாவின் கொட்டாவி பாதியில் நின்றது.

அம்மா ஒரு கணம் வெலவெலத்துப்போய், அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். "கண்டுக்கிட்டாளே! ஏட்டி ரஞ்சனி, கண்டுக்கிட்டாளே!" என் கன்னத்தைத் தொட்டார். "மொகத்துக்கு என்ன தாயி, லட்சணமாத்தான் இருக்க."

சிவரஞ்சனி சிரிக்கவில்லை. "மொகத்துக்கு ஒண்ணும் இல்ல. கடையிலதான் பேச்சு. எங்க வீட்டு மருமக எங்க ஊருலயே கவுண்டர்ல நிக்கதுன்னா சரிப்படாது. தரகர் சொல்லிருப்பாரே."

"சொன்னாருக்கா. நான் உங்ககிட்டயே பதில் சொல்லிருதேன். உங்க தம்பியை எனக்குப் புடிச்சிருக்கு. இந்த வேலையும் புடிச்சிருக்கு. ஸ்ரீவி கடையில கவுண்டரை நான்தான் பாக்கப் போறேன். ரெண்டும் வேணும். ஒண்ணைக் குடுத்து ஒண்ணை வாங்க மாட்டேன்."

"சொல்லுறது லேசு" என்றாள் அவள். குரல் திடீரென்று கரகரத்தது. "இப்படிச் சொன்னவகளை நாங்களும் பாத்திருக்கோம்."

வாசலில் ஒரு குடும்பம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. பாதி முகத்தோடு அவர்கள் முன்னால் நிற்க முடியாது. ஐலைனரை எடுத்துக் கண்ணாடிப் பக்கம் குனிந்தேன். தினமும் எத்தனையோ பேருக்கு வரைகிற கை, என் கண்ணுக்கு மேல் ஒரு கோடு இழுக்க முடியாமல் இரண்டு தடவை நழுவியது. தைரியமாகப் பேசிவிட்டேன், உண்மைதான். ஆனால் அந்த இரண்டு பேரும் இப்படியே இறங்கிப் போய்விட்டால் சேதுபதியும் போய்விடுவான் என்ற பயம் அந்தக் கையில்தான் இருந்தது.

"குடு இங்க" என்றாள் சிவரஞ்சனி.

பிரஷை என் கையிலிருந்து வாங்கினாள். கவுண்டர் மேல் முழங்கையை ஊன்றி, சுண்டுவிரலை என் கன்னத்தில் முட்டுக்கொடுத்து, "கண்ணை மூடு. மூச்சை அடக்காத, சாதாரணமா விடு" என்றாள். ஒரே இழுப்பு. மூக்கோரத்திலிருந்து கடைக்கண் வரைக்கும் எங்கேயும் நிற்கவில்லை. பிறகு போட்டுப் பார்க்க நான் வைத்திருக்கும் டெஸ்டர்களில் பார்வையை ஓட்டி, என்னைக் கேட்காமலே எனக்கான ஷேடை எடுத்து, விரல் நுனியால் வடுவின் மேல் தட்டித் தட்டி வைத்தாள். அவள் முகத்தில் இருந்த கடுகடுப்பைத் தேடினேன், காணோம்.

கண்ணாடியைப் பார்த்தேன். நானே போட்டிருந்த இடது கண்ணைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. இது தொழில் செய்த கை.

"பார்லர் எங்கக்கா வச்சிருந்தீங்க?"

அவள் பிரஷைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "தேரடிகிட்ட. ஒரு ரூம்தான். முகூர்த்த நாள்னா விடியுமுன்ன பொண்ணு வீட்டுக்காரவுக கதவைத் தட்டுவாங்க."

"அதெல்லாம் முடிஞ்ச கதை" என்றார் அம்மா அவசரமாக. "கட்டிக் குடுத்த எடத்துல அவியளுக்குப் புடிக்கல. மூடியாச்சு."

"நான் மூடலம்மா" என்றாள் சிவரஞ்சனி. சத்தம் போடவில்லை. "மாமியார் மூடச் சொன்னாவ. நான் உன்கிட்டதான் ஓடி வந்தேன். ஒரு வார்த்தை பேசுன்னு கேட்டேன். நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு நீ வாயே தொறக்கல. இப்ப நீயும் நானும் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு இன்னொருத்தி கடையை மூட வந்து நிக்கோம்."

அம்மா மகளைப் பார்த்தார். சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையா, வேறா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று தோன்றியது. உள்ளே வந்த குடும்பத்தை ஹஸீனா வளையல் பக்கம் இழுத்துக்கொண்டாள், நல்லவள்.

"எனக்குத் தெரியலடி" என்றார் அம்மா கடைசியில். "அன்னைக்கு எனக்குப் பேசத் தெரியல."

"இன்னைக்குப் பேசு."

அம்மா என் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கெழம பூவோட வாரோம்னு உங்க வீட்டுல சொல்லு."

வேறொருத்தியாக இருந்தால் காலில் விழுந்திருப்பாள். எனக்கும் ஆசைதான். ஆனால் அரைகுறையாகப் பேசி வைத்த எதுவும் என் கவுண்டரில் பில் ஆனதில்லை. "கடைம்மா? அதையும் உங்க வாயால சொல்லிருங்க."

அவர் என்னை முறைத்தார். பிறகு சிவரஞ்சனியை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ கடைக்குப் போ. எவளாவது கேட்டா நான் பேசிக்கிடுதேன்."

அவ்வளவுதான். ரிமூவர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தேன்.

சிவரஞ்சனி ஒரு லிப்ஸ்டிக்கை எடுத்தாள். அடர்ந்த செங்கல் நிறம், அவளுக்கென்றே செய்தது போல. புறங்கையில் ஒரு கோடு போட்டுப் பார்த்தாள். இந்த முறை கண்ணாடியையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

"எடுத்துக்கோங்க, உங்களுக்கு அம்சமா இருக்கு" என்றேன்.

"எங்க மாமியார் வீட்டுல லிப்ஸ்டிக் போட மாட்டோம்" என்றாள். கைக்குட்டையை எடுத்து, புறங்கைக் கோட்டைச் சுவடில்லாமல் துடைத்தாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

என் வாழ்க்கையில் அன்றைக்குக் கிடைத்த மாதிரி எனக்கு எதுவும் கிடைத்ததில்லை. ஆனாலும் அந்த லிப்ஸ்டிக்கை ரேக்கில் திருப்பி வைக்க எனக்கு மனம் வரவில்லை. என் கணக்கில் பில் போட்டு, கைப்பையில் வைத்துக்கொண்டேன். பாயிடம் போய், "ஆர்டர் போடுங்க பாய், நான் போறேன்" என்றேன். "ஸ்ரீவி கடையில முகூர்த்தப் பொண்ணுங்களுக்கு மேக்கப் போட ஒரு சேரும் கண்ணாடியும் வேணும். ஆளு நான் கூட்டியாரேன், எனக்கு நாத்தனாரா வரப்போறவங்க."

"ஆளு வருவாளா?" என்று கேட்டார் பாய்.

"உடனே வர மாட்டாங்க" என்றேன். "நான் விட மாட்டேன்."