மஞ்சள் பட்டுக் கட்டு

விடிந்ததிலிருந்து, மஞ்சள் பட்டில் சுற்றிய அந்த ஏட்டுக்கட்டை மூன்று முறை இடம் மாற்றிவிட்டேன். முதலில் மாவுப் பெட்டி, பிறகு சேணத்துக்கு அடி, பிறகு பழைய தொட்டில். எங்கே வைத்தாலும் கண்ணை உறுத்தியது. வாசலுக்கும் அடுப்புக்கும் நடையாய் நடந்தேன்.

மதத்தை ஒழிக்கக் கிளம்பிய கட்சிக்காரர்கள் இரண்டு பேர், பௌத்த குருமாரான லாமாக்களின் கூடாரங்களைச் சோதித்தபடி சாடான் ஆற்றை ஒட்டி வருவதாக நேற்றே சேதி வந்துவிட்டது. அந்த 1930ஆம் வருஷம் துவா நாடு முழுக்க இதே பேச்சுதான். என் கணவர் சண்டாக்கும் ஒரு லாமா. ஏடு, மணி, ஜபமாலை எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டவர். ஆனால் செத்தவர்களுக்கு ஓதும் இந்த ஒரு கட்டை மட்டும் கொடுக்க மனசு வராமல் ஒளித்துக்கொண்டார். அகப்பட்டால் நேரே சிறைதான். மனுஷன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஜபமாலை போன பிறகும் கட்டைவிரல் மட்டும் வெறுங்கையில் மணி உருட்டிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வருகிற இருவரில் ஒருவன் என் கூடப்பிறந்த தம்பி ஒச்சுர். இவரிடம்தான் மடத்தில் ஆறு வருஷம் படித்தான். போன வசந்தத்தில் கட்சியில் சேர்ந்து குதிரையேறிப் போய்விட்டான். பயணம் போகிறவர்களுக்கு வழி நல்லபடி அமைய, அவர்களுக்குப் பின்னால் ஒன்பது குழிக் கரண்டியால் பால் தெளிப்பது வீட்டுப் பெண்ணின் வேலை. அன்று நான் தெளிக்கவில்லை. துரோகிக்கு என்ன பால் என்று உள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாய் குரைத்தது. ஏட்டுக்கட்டை எடுத்துக் கம்பள விரிப்புக்கு அடியில் தள்ளி, அதன் மேலேயே உட்கார்ந்தேன். அவர் முகம் வெளிறிப்போயிற்று.

“அது மேல போயா உக்காருற? எவ்வளவு பெரிய பாவம்டி.”

“நீங்க ஜெயில்ல போய் உக்காரக் கூடாதுன்னுதான் நான் இங்க உக்காந்திருக்கேன். பேசாம இருங்க.”

ஒச்சுரும் கெண்டன் என்ற இளைஞனும் உள்ளே வந்தார்கள். உப்புத் தேநீர் கொடுத்தேன். எட்டி ஊற்றிக்கொடுத்தேனே தவிர எழுந்திருக்கவில்லை. ஒச்சுர் மாவுப் பெட்டி, சேணம், தொட்டில் என்று நான் போன வழியிலேயே போய்த் துழாவினான். ஒன்றும் அகப்படவில்லை. கெண்டன் தேநீர்க் கிண்ணத்துக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உங்க அக்காவைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லுங்க தோழர் என்றான். கால் வீக்கம் என்று சொல்லிப் பார்த்தேன்.

“எந்திரி அக்கா,” என்றான் ஒச்சுர். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எழுந்தேன். விரிப்பைத் தூக்கி, மஞ்சள் பட்டுக் கட்டை இழுத்தெடுத்தான். அப்புறம் நடந்தது அவனுக்கே தெரியாமல் நடந்தது. இரண்டு கையாலும் கட்டை ஏந்தினான், தலையைக் குனிந்தான், நெற்றியில் ஒற்றிக்கொண்டான். ஆறு வருஷம் தினமும் காலையில் செய்த காரியத்தைக் கை தானாகவே செய்துவிட்டது.

கட்டு நெற்றியிலேயே நின்றது. அவன் காது நுனி வரை சிவந்துபோனது. கெண்டன் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தான்.

“யாரோடது தோழர் இது?”

என் கணவர் வாயைத் திறந்தார். ஒச்சுர் முந்திக்கொண்டான்.

“என்னோடது. நான்தான் இங்க ஒளிச்சு வச்சேன், இவங்களுக்குத் தெரியாது. அத்தான், நீங்க பேசாதீங்க.”

அவர் வாயை மூடிக்கொண்டு குனிந்து தன் கையைப் பார்த்தார். கட்டைவிரல் மட்டும் நின்றுபோயிருந்தது. அத்தனை நாளும் அவனைத் திட்டிய திட்டெல்லாம் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. கெண்டன் கட்டைத் தன் சேணத்தில் கட்டிக்கொண்டான். ஒச்சுரின் குதிரைக் கயிற்றையும் தானே பிடித்துக்கொண்டான். ஒச்சுர் பாதி குடித்த தேநீர் கிண்ணத்தில் அப்படியே இருந்தது.

பால் வாளியும் ஒன்பது குழிக் கரண்டியும் எப்படி என் கைக்கு வந்தன என்று தெரியவில்லை. அந்த ஆள் பார்த்துவிடுவான், வேண்டாம் என்று அவர் என் சட்டையைப் பிடித்தார். உதறிவிட்டு வெளியே ஓடினேன். குதிரைகள் ஆற்று மேட்டில் ஏறிக்கொண்டிருந்தன. போன வசந்தத்துக்கும் சேர்த்து, வாளி காலியாகும் வரை, அவன் போகிற திசையில் வீசி வீசித் தெளித்தேன்.

கெண்டன் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும்.