ஆளுக்கொரு ஜாடி

என் அக்கா லவோனியாவின் கணவர் ரூஃபஸை அடக்கம் செய்த அன்று அவள் வீட்டுச் சமையலறையில் கால் வைக்க இடமில்லை. எங்கள் தேவாலயச் சபைப் பெண்களுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, சமைக்கத் தெரியும். வறுத்த கோழி, கீரை, மக்ரோனி என்று கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பீச் காப்ளர். குழிந்த அகலத் தட்டில் அடியில் பாகோடு பழம், மேலே சிவக்க வெந்த மாவு. ஜார்ஜியாவில் எங்கள் ஊரைச் சுற்றிப் பீச் தோட்டங்கள்தான், அதனால் கல்யாணமோ கருமாதியோ, காப்ளர் இல்லாமல் ஆகாது. ஒவ்வொரு தட்டின் அடியிலும் ஒட்டுத்தாளில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. துக்க வீடானாலும் பாத்திரம் திரும்பி வர வேண்டுமல்லவா?

அக்கா ஒரு வாய் தின்னவில்லை. மாதம் ஒன்றாகியும் தின்னவில்லை. யாராவது புதிதாக ஒரு தட்டு கொண்டுவந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வாள், இரண்டு நாள் மேஜையில் வைத்துப் பார்ப்பாள், பிறகு குப்பையில் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பாள். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. சபைக்குப் போட்டுக்கொண்டு வரும் கறுப்புச் சட்டை தோளில் நிற்கவில்லை.

டெட்ராய்ட்டிலிருந்து அவள் மகன் கர்ட்டிஸ் என்னைக் கூப்பிட்டான்.

"சித்தி, அம்மா போன்ல பேசினா குரலே வரல. சாப்பிடறாளா இல்லையா, உண்மையைச் சொல்லு."

"சாப்பிடறா."

"பொய் சொல்லாத. ஞாயித்துக்கிழமை வரேன். இப்படியே இருந்தா கையோட கூட்டிட்டு வந்துடுவேன். வீட்டை அப்புறம் பாத்துக்கலாம்."

பிள்ளை பேசுவது நியாயம்தான், மறுக்க முடியாது. ஆனால் அவளும் போய்விட்டால் இந்த ஊரில் எனக்கென்று யார் இருக்கிறார்கள்? அக்காவின் உடம்பு தேற வேண்டும் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கு அவள் வேண்டும்.

அவள் தட்டைத் தொடாததற்கு எனக்கு ஒரு காரணம் தோன்றியது. அத்தனை பெரிய தட்டு, தின்ன ஒரே ஆள். பார்த்தாலே மலைப்பாக இருக்காதா? அதனால் சனிக்கிழமை காலையில் என் வீட்டு அலமாரியிலிருந்து சின்னக் கண்ணாடி ஜாடிகளை இறக்கினேன். ஊறுகாயும் பழப்பாகும் போட்டு வைப்போமே, அதே தடித்த கண்ணாடி, திருகு மூடி.

ஜாடியில் சுடுவதற்கு என்று ஒரு பக்குவம் இருக்கிறது. உள்ளே வெண்ணெய் தடவி, தோல் உரித்த பீச் துண்டுகளைச் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, ஜாதிக்காய்த் தூளோடு பிசறிப் போட வேண்டும். கழுத்து வரை நிரப்பிவிட்டால் பாகு பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் கரிந்து நாறும். மேலே மாவை ஒரு கரண்டி, அவ்வளவுதான். குளிர்ந்த ஜாடியைச் சூட்டில் வைத்தால் விரிசல் விடும், அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்திப் பழக்கிவிட்டுத்தான் சூட்டடுப்புக்குள் தள்ளுவேன். வெந்ததும் மூடி போட அவசரப்படக் கூடாது. ஆவி அடங்குவதற்குள் மூடினால் மொறுமொறுப்பு போய் மாவு களியாகிவிடும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் நான், எதையும் மோதித்தான் கற்றுக்கொள்வேன்.

அக்காவின் மேஜையில் ஜாடிகளை வரிசையாக வைத்தேன். இன்னும் சூடு ஆறவில்லை. அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி இது?"

"காப்ளர். உனக்குப் பிடிச்ச மாதிரி ஜாதிக்காய் தூக்கலா."

"ஏன், உன் வீட்ல தட்டு இல்லையா?"

"தட்டுல பண்ணா நீ குப்பைக்குத்தான தார வாக்கற? இது வேளைக்கு ஒண்ணு. மூடியைத் திற, தின்னு, கழுவி வை. மிச்சம் மீதி கிடையாது."

"ஆளுக்கு ஒண்ணு."

"ஆமா."

"இந்த வீட்ல எத்தனை ஆளு இருக்காங்க, எர்லீன்?"

அவள் ஜாடியைக் கீழே வைத்தாள்.

"ஊர்ல இருக்கறவ எல்லாம் தட்டு தட்டாக் கொண்டு வந்தா. கொட்டினேன், இல்லேங்கல. ஆனா அது மேஜையில இருக்கறவரைக்கும் இன்னும் யாரோ வந்து உக்காருவாங்கன்னு ஒரு இது இருந்துச்சு. ரூஃபஸ் காரைக் கொட்டகையில விட்டுட்டு வரான், அவ்வளவுதான்னு. நீ ஒருத்திதான், கூடப் பொறந்தவ, வந்து அளந்து காட்டிட்ட. லவோனியா, இனிமே நீ ஒண்டிக்கட்டை, உனக்கு இவ்வளவுதான்னு மூடி போட்டுக் கொண்டாந்திருக்க. எடுத்துட்டுப் போ."

சுருக்கென்று தைத்தது. நல்லது செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டால் யாருக்குத்தான் கோபம் வராது? வாயில் வந்ததைக் கொட்டிவிட்டேன்.

"இந்த ஜாடி எல்லாம் உனக்காகக் கடைக்கு ஓடி வாங்கினேன்னா நினைக்கற? என் வீட்டு ஜாடி, அக்கா. நான் தினம் திங்கற ஜாடி. க்ளைவ் என்னை விட்டுட்டுப் போனதுலேருந்து இதுலதான் திங்கறேன்."

என் புருஷன் பேரைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. "க்ளைவ் போனப்ப கர்ட்டிஸ் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தான்."

"ஆமா. அப்பலேருந்துதான். தட்டுல பண்ணேன் முதல்ல. ஒரு தட்டை ஒருத்தி எத்தனை நாள் திங்க முடியும், அக்கா? ஊறிப் போயி நசநசன்னு ஆயிடும். அதைப் பாத்துக்கிட்டே திங்கணும். அதான் ஜாடி."

"எங்க வீட்லதானடி சாப்பிட்ட, ஞாயித்துக்கிழமையானா?"

"ஞாயித்துக்கிழமை."

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். என் நாக்கு பிரேக் இல்லாதது.

"புருஷன் செத்தா தட்டு வரும் இந்த ஊர்ல. புருஷன் விட்டுட்டுப் போனா கதவைத் தட்டக்கூட ஆள் வராது. வந்தாங்களா? ஒருத்தி வந்தாளா, ஒரு கோழிக்காலைத் தூக்கிட்டு? நீயும் வரலயேக்கா. 'நம்ம ஒண்டிக்கட்டை வந்துட்டா, அவளுக்கு ஒரு நாற்காலி போடு'ன்னுதான் கூப்பிடுவீங்க, ரூஃபஸும் நீயும். நானும் சேந்து சிரிச்சேன். உனக்கு இன்னைக்கு ஒரு ஜாடியைப் பாத்ததும் அவமானமா இருக்கு. எனக்கு அது சாப்பாடு."

சொல்லி முடித்ததும்தான் என்ன செய்தேன் என்று உறைத்தது. கணவனைப் புதைத்து ஈரம் காயவில்லை, அவளிடம் போய் என் பழைய காயத்தை விரித்து வைக்கிறேன். இத்தனை வருஷமும் நான் இதை எனக்குள்ளேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. அதுதான் இன்னும் வேதனையாக இருந்தது. மளமளவென்று ஜாடிகளைக் கூடைக்குள் போட ஆரம்பித்தேன்.

"வை அதை."

"நீதான் எடுத்துட்டுப் போன்னு சொன்ன."

"வைடின்னா."

அவள் எழுந்து இழுப்பறையைத் திறந்து இரண்டு கரண்டி எடுத்தாள். ஒன்றை என் முன்னால் போட்டாள். வரிசையில் முதலாவதாக நின்ற ஜாடியைத் தன் பக்கம் இழுத்து மூடியைத் திருகினாள். எனக்கு இன்னொன்றைத் திறந்து தருவாள் என்று நினைத்தேன், தரவில்லை. அதே ஜாடியை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"இத்தனை ஜாடி இருக்கேக்கா, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கலாமே."

"எனக்குத் தெரியாதா? சாப்பிடு."

இரண்டு கரண்டியையும் ஒரே நேரத்தில் விட்டோம். சின்ன வாய் ஜாடி, கரண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. அக்கா தன் கரண்டியை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் ஒரு வாய் எடுத்தேன். பிறகு அவள் ஒரு வாய். மென்று விழுங்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. கண்ணிலிருந்து நீர் ஓடியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை, தின்பதை நிறுத்தவும் இல்லை. மறுபடி என் முறை வந்தது.

"எர்லீன்."

"ம்."

"நான் கேட்டிருக்கணும்டி. மிச்ச நாள் நீ என்ன பண்றன்னு."

பழம் சூடாக இருக்கிறது என்று ஏதோ உளறினேன்.

ஜாடியின் அடியில் பாகு மட்டும் மிஞ்சியபோது நான் மெல்லக் கேட்டேன். "நாளைக்குக் கர்ட்டிஸ் வரான். கூட வான்னு சொன்னா என்ன சொல்லுவ?"

அவள் ஜாடியைச் சாய்த்துப் பாகை என் பக்கம் வழித்துவிட்டாள்.

"சித்திக்குச் சோறு போட ஆளில்ல, நான் எப்படி வரதுன்னு சொல்லுவேன்."